படிக்கட்டில் தொங்கிய இரண்டு வாளிகள்

ஒரு துண்டுத் தோலை உங்கள் கையில் கொடுத்து, "இது மாட்டின் முதுகா, வயிறா?" என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா?

முடியாது. அதற்காக வெட்கப்பட வேண்டாம். தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்று சொல்ல நாக்குக் கூசுவது குற்றம். தெரிந்தவரைப் படிக்கட்டுக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு, அவர் சொன்னதையே மேல்மாடியில் தன் சரக்காகப் பாடம் நடத்துவது அதைவிடப் பெரிய குற்றம். அதோடு நிற்காமல், அவர் உட்கார்ந்திருப்பதால் படிக்கட்டின் அழகு கெடுகிறது என்று நோட்டீஸ் ஒட்டுவதை என்னவென்று சொல்ல? இந்த மூன்றையும் ஒரே வருடத்தில் செய்து முடித்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் படிக்கட்டுக்கு அடியில் இருப்பவர்தான் கத்தியக்கா.

கட்டடத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவர் "செருப்பம்மா". கத்தியக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். கைப்பை செய்து கப்பலேற்றும் கம்பெனி அது. பதினெட்டு வருடம் அதன் வெட்டு மேசையில் நின்றவர். முழுத் தோல் ஒன்றை மேசையில் விரித்தால், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஒருமுறை ஓட்டுவார். எந்த இடத்தில் முள் கீறியது, எந்த இடத்தில் உண்ணி கடித்தது, எங்கே தோல் இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்று கையே படித்துவிடும். அதன் பிறகுதான் கத்தி இறங்கும். அவர் வெட்டிய தோலில் வீணாகிப் போன துண்டைப் பொறுக்கினால் ஒரு சாவிக்கொத்துகூடத் தேறாது என்பார்கள். கத்திக்காக வந்த பெயரா, வாய்க்காக வந்த பெயரா என்று கம்பெனியில் இரண்டு கட்சி இருந்தது.

கம்பெனி வேறு ஊருக்குப் போனது. இயந்திரங்களை லாரியில் ஏற்றினார்கள், ஆட்களை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். கணவர் இந்தக் கட்டடத்தின் பம்ப் ஆபரேட்டர், காவலும் அவர்தான். பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறை அவர்களுடையது. கத்தியக்கா படிக்கட்டுக்கு அடியில் ஒரு பலகை, ஒரு பளிங்குக் கல், செருப்பைக் கவிழ்த்து மாட்டித் தட்டும் ஒரு இரும்பு அடிதாங்கியுடன் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அகலம் மூன்று முழம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். தலைக்கு மேலே ஏறி இறங்கும் காலடிச் சத்தத்தை வைத்தே யார் செருப்பில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"மூணாவது மாடி பல் டாக்டரம்மா இடது குதிகால அழுத்தறாங்க. பத்து நாள்ல வருவாங்க பாருங்க" என்பார் கணவரிடம். எட்டாம் நாளே வந்துவிடுவார்கள்.

சென்ற வருடம் ஐந்தாம் மாடிப் பொது அறையில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு ஆரம்பமானது. லெதர் கிராஃப்ட். நடத்துபவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இன்சூரன்ஸ் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கூரியரில் நாற்பத்திரண்டு கருவிகள் கொண்ட சுருட்டுப் பை ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைத் துவாலை விரித்து, கருவிகளை அளவு வாரியாக அடுக்கி, கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். பம்ப் ஆபரேட்டர் ஒருநாள் ட்யூப் லைட் மாட்டப் போனபோது அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, "மேல ஆபரேஷன் நடக்குது. சர்ஜன் கையுறையோட நிக்கறாரு. நோயாளியத்தான் காணோம்" என்றார். அன்றிலிருந்து அவர் சர்ஜன்.

முதல் வாரமே சர்ஜன் கீழே இறங்கி வந்தார்.

"ஏம்மா, இந்தக் கத்தி சரியா வெட்ட மாட்டேங்குது. என்னன்னு பாரு. இம்போர்டட்."

கத்தியக்கா அதை வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்தார். கூரான கத்தி நகத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போனது.

"சார், இத வெச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாது. வேணும்னா முதுகு நீவி விட்டுக்கலாம்."

"புதுசும்மா! நேத்துதான் பிரிச்சேன்."

"புதுசுன்னா கூர்னு யாரு சொன்னது? கடைக்காரன் இரும்ப விக்கிறான். கூர் நாமதான் போட்டுக்கணும்."

போடும் விதத்தையும் காட்டினார். கண்ணாடித் துண்டின்மேல் நைஸான எமரி தாளை ஒட்டி, கத்தியை ஒரே சாய்வில் வைத்து இழுக்க வேண்டும். சாய்வு மாறினால் செய்த வேலை அத்தனையும் பாழ். பிறகு மரக்கட்டையில் ஒட்டிய தோல் பட்டையில் மெருகுப் பசை தடவி, கத்தியின் வாய் பின்னால் வரும்படி இருபது இழுப்பு. முன்னால் தள்ளினால் கத்தி பட்டையையே அறுத்துவிடும்.

"மொக்கக் கத்திதான் சார் ஆள வெட்டும். அழுத்துவீங்க, வழுக்கும், நேரா விரலுக்கு வரும். கூர்க் கத்தி தானா போகும். சரி, வெட்டும்போது ஸ்கேல எங்க வெக்கிறீங்க?"

"கோட்டு மேல."

"கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

சர்ஜன் யோசித்தார். ஓர் அதிகாரி யோசிப்பதைப் பார்க்க நேரமெடுக்கும்.

"உங்களுக்கு வேணுங்கற துண்டு மேல ஸ்கேல் இருக்கணும் சார். அப்பத்தான் கை தவறினாலும் வேண்டாத பக்கம் கெடும். இரும்பு ஸ்கேலா இருக்கணும், பிளாஸ்டிக் ஆகாது. ஒரே வெட்டுல துண்டாக்கணும்னு வெறி வேண்டாம். லேசா ரெண்டு மூணு தடவ ஓட்டுங்க."

சர்ஜன் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "குட், குட்" என்றார். ஒரு நன்றி வரவில்லை. மேலே போகும்போது, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஏதாவது ஒட்டியிருக்குமோ என்பதுபோல் கால்சட்டையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் உட்காரவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சர்ஜன் வந்தார். மறுநாள் வகுப்புக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

"நாப்பத்திரண்டு கருவில எது எது முக்கியம்?"

"ஏழு சார். கத்தி, இரும்பு ஸ்கேல், கோடு போட ஒரு காம்பஸ், துளை போட முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கே அது, மரச் சுத்தி, முனை மழுங்கின ஊசி ஒரு ஜோடி, ஓரம் தேய்க்க ஒரு வழவழப்பான மரக்கட்டை."

"மீதி முப்பத்தஞ்சு?"

"வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்ட."

இன்னொரு சனிக்கிழமை தையல். மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று. ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல் எல்லாம் வரிசையாகக் கையை விட்டுவிடும். கைத்தையலில் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் போகும். ஒன்று அறுந்தாலும் மற்றது விடாது. தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் வெட்டிக்கொள்ள வேண்டும். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுக்க வேண்டும். முதலில் இடக்கை ஊசி என்று ஆரம்பித்தால் கடைசித் துளை வரை இடக்கைதான். இஷ்டத்துக்கு மாற்றினால் தையல் குடித்தவன் நடைபோல் கோணும்.

எல்லாவற்றையும் சர்ஜன் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் அது அச்சாகி வந்தது. பளபளக்கும் அட்டை. 'தோல் கலை: என் அனுபவக் குறிப்புகள்.' உள்ளே முன்னுரையில் அவருடைய பொறுமைக்கு அவரே நன்றி சொல்லியிருந்தார்.

கத்தியக்கா அதைப் பார்த்தது பல் டாக்டரம்மாவின் கையில். அவரும் வகுப்பில் சேர்ந்த பதினாறு பேரில் ஒருவர். வலது பெருவிரலில் கட்டுடன் வந்து நின்றார்.

"அக்கா, இந்தப் புத்தகத்துல நூல் நாலு அங்குலம் வெட்டச் சொல்லியிருக்கு. பதினாறு பேரும் நாலு அங்குலம் வெட்டிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உக்காந்திருந்தோம். மூணு துளைக்கு மேல போகல."

கத்தியக்கா சிரித்த சிரிப்பில் படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்த யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"நாலு மடங்குன்னு சொன்னேன் டாக்டரம்மா. சார் அங்குலமாக்கிட்டாரு."

"நீங்க சொன்னீங்களா?"

"பின்ன யாரு சொல்லுவா? பக்கத்தப் புரட்டுங்க. 'மொக்கக் கத்தியே ஆளை வெட்டும்.' அது என் வாய். அவரு வாயில இப்படி ஒரு வார்த்த வருமா?"

டாக்டரம்மா புத்தகத்தையும் கத்தியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து சந்தேகம் வந்தால் நேரே கீழே இறங்கி வந்துவிடுவார். தன்னுடைய முக்காலியைத் தானே எடுத்துவந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ஒரு கறுப்புத் தோலைக் கொண்டுவந்து, எத்தனை அடித்தாலும் பூ அச்சு பதியவில்லை என்றார். கத்தியக்கா வெட்டிய ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் நீலச் சாம்பல் நிறம்.

"இது குரோம் தோல், ரசாயன உப்புல பதம் பண்ணினது. இதுல அச்சு உக்காராது, ஓரமும் தேய்ச்சா மெருகாகாது. அச்சுக்கு மரப்பட்டைச் சாறுல பதம் பண்ணின தோல் வேணும். கடையில ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்க. உறிஞ்சிக் கறுத்துச்சுன்னா அது பட்டைத் தோல். முத்து மாதிரி உருண்டு நின்னா சாயத்தையோ குரோமையோ சந்தேகப்படுங்க. கடைக்காரன் திட்டினா, என் பேரச் சொல்லுங்க."

"உங்க பேர் என்னக்கா?"

பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் டாக்டரம்மாவுக்கு மட்டும் கிடைத்தது. நமக்கு எதற்கு, இப்போதுதானே கதை கேட்க வந்திருக்கிறோம்.

வகுப்பு புகழ் பெற்றது. பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்ததும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, "ஆஹா, ஒரிஜினல் லெதர் வாசனை!" என்றார்கள். கத்தியக்கா சொன்ன கடையிலிருந்து வந்த தோல், கத்தியக்கா சொன்ன அதே டப்பாப் பசை. கீழே இறங்கும்போது அதே மூக்குகள் கைக்குட்டைக்குள் போயின. வாசனை நாற்றமாக மாறுவதற்கு ஐந்து மாடி இறங்கினால் போதும். எந்த வேலையைத் தொட்ட கை அழுக்கு, எது சுத்தம் என்று காலங்காலமாகத் தீர்ப்பு எழுதியவர்கள் யாரும் அந்த வேலையைத் தொட்டவர்கள் இல்லை. இப்போது ஆசைக்குத் தொட ஆரம்பித்திருக்கிறார்கள். உடனே அந்த வேலைக்கு 'கலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதையே பிழைப்புக்குச் செய்கிறவர்களுக்கு மட்டும் பழைய பெயரேதான்.

கண்காட்சி அறிவித்தார்கள். அதற்கு முந்தைய திங்கட்கிழமை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஏறியது. 'படிக்கட்டின் கீழ்ப்பகுதியை மேம்படுத்துதல்.' ஞாயிறு பத்து மணிக்குக் கண்காட்சி. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அங்குள்ள ஆக்கிரமிப்பை அகற்றி, அந்த இடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து, வகுப்பினர் செய்த தோல் கலைப் பொருட்களைக் காட்சிக்கு வைப்பது என்று தீர்மானம் கொண்டுவரப்படும்.

பம்ப் ஆபரேட்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு வந்தார். கத்தியக்கா ஒரு பள்ளிக்கூட ஷூவுக்கு அடி ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயக் காத்திருந்தார்.

"உன்னத் தூக்கிட்டு அலமாரி வெக்கப் போறாங்களாம்."

"என்ன அலமாரி?"

"அவங்க செஞ்ச பர்ஸு, சாவிக்கொத்து எல்லாம் வெக்கறதுக்கு."

கத்தியக்கா பசையைத் தொட்டுப் பார்த்தார். பதம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தி, சுத்தியால் நாலு தட்டு தட்டினார்.

"தோல எடுத்துட்டுத் தோல வெக்கறாங்க. நல்லாருக்கு நியாயம்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. என் வேலைக்கும் சேத்து வேட்டு வெச்சிராத. நான் போய் சார்கிட்டத் தன்மையா பேசறேன்."

"நீங்க தன்மையா பேசிப் பேசித்தான் நாம பம்ப் ரூம்ல இருக்கோம்."

அவர் மோட்டார் போடப் போய்விட்டார். கோபம் வந்தால் மோட்டாரைப் போட்டுவிடுவார். வீட்டில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.

புதன்கிழமை அவர் மேல் மாடிக் குப்பைச் சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார். வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகள் கத்தியக்காவுக்கு ஒட்டுப்போட உதவும். கத்தியக்கா சாக்குக்குள் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. வெளியே எடுத்ததில் கெட்டியான, இறுக்கமான தோல். வட்ட வட்டமாக ஓட்டை. இன்னொரு துண்டு. அதுவும் அப்படியே.

"அட பாவிகளா, முதுகப் போய்ச் சாவிக்கொத்தா வெட்டியிருக்காங்க!"

"அதுக்கென்ன?"

"அப்ப மேல ஊஞ்சல் ஒண்ணு செய்யறாங்களே, அதுக்கு வார் எதுல வெட்டினாங்க?"

கண்காட்சியின் மகுடம் அந்த ஊஞ்சல். இரண்டு பேர் உட்காரும் பலகை, நாலு தோல் வாரில் தொங்கும். சர்ஜனின் சொந்த வடிவமைப்பு. கத்தியக்கா ஏப்ரனைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். லிஃப்ட்டில் போகவில்லை. அதில் 'வேலையாட்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு தகடு இருந்தது. அதையும் சர்ஜன்தான் மாட்டினார்.

பொது அறையில் ஊஞ்சல் தயாராக இருந்தது. கத்தியக்கா ஒரு வாரைப் பிடித்து, மேல்புறம் உள்ளே போகும்படி மடித்தார். கிழவன் நெற்றி மாதிரி ஆழமாகச் சுருக்கம் விழுந்தது. இரண்டு கையால் இழுத்தார். நீண்டு கொடுத்தது.

"சார், இது வயிறு."

"என்ன வயிறு?"

"மாட்டு வயித்துத் தோல். மேய்ஞ்சா உப்பும், பசிச்சா ஒட்டும். இழுத்தா நீளறதுதான் அதோட வேலை. வார் எப்பவும் முதுகெலும்ப ஒட்டி நீளவாக்குல வெட்டணும். இது உக்காந்த உடனே இறங்கும். நாலும் ஒரே அளவுல இறங்காது. பலக ஒருபக்கம் சாஞ்சா உக்காந்திருக்கறவங்க கீழ."

"ஏம்மா, தொட்டுப் பாரு, எவ்வளவு சாஃப்ட்டா இருக்கு. பிடிச்சா கைக்கு இதமா இருக்கணும்னுதான் இத எடுத்தேன். அந்தக் கெட்டித் தோல்ல அச்சு நல்லா விழுந்துச்சு, அதனால அத சாவிக்கொத்துக்கு வெச்சேன்." சர்ஜன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "நோட்டீஸ் போட்டதுல உனக்குக் கோபம். அது எனக்குப் புரியுது."

சுற்றி நின்ற நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். கத்தியக்கா வாரைக் கையிலிருந்து விட்டார். இறங்கி வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"விழட்டுமே!" என்றார் கணவர். அன்று அவருக்கும் தன்மை தீர்ந்துவிட்டிருந்தது. "ஊர் பார்க்க விழட்டும். அப்பத் தெரியும் உன் அருமை."

"யாரு விழுவா? சர்ஜனா? கண்காட்சின்னா மொதல்ல பிள்ளைங்கதான் ஓடிப்போய் ஏறும். ஒடையப் போறது அதுங்க மண்டை. இவரு புத்தகத்தப் படிச்ச பாவம்கூட அதுங்க பண்ணல." ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டே, "அதுவும் இல்லாம, வயித்துல வார் வெட்டினத என் கண்ணால பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" என்றார்.

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"என் பேச்ச யாரும் நம்ப வேண்டாம். வாளிய நம்பட்டும்."

ஊஞ்சலின் மிச்ச வாரில் ஒன்று. குப்பைச் சாக்கிலிருந்து, வட்டங்களுக்கு இடையே தப்பிப் பிழைத்திருந்த முதுகுத் துண்டுகளிலிருந்து நீளமாக ஒன்று. இரண்டும் ஓர் அங்குல அகலம். கனமும் ஒன்றாக இருக்கும்படி கெட்டியானதைப் பளிங்குக் கல்லில் வைத்துச் சீவினார். இரண்டிலும் இரண்டடி இடைவெளிக்குப் பேனாவால் கோடு போட்டார். படிக்கட்டின் முதல் திருப்பத்துக் கைப்பிடியில் இரண்டையும் தொங்கவிட்டு, பம்ப் அறையிலிருந்து இரண்டு வாளிகள் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மாட்டினார்கள். மணி ஒன்பது. வாளிகள் கத்தியக்காவின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. அவர் கீழே உட்கார்ந்து ஒரு கைப்பைக்கு ஜிப் மாற்ற ஆரம்பித்தார்.

ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். "என்ன இது?" என்று கேட்டவர்களுக்கு டாக்டரம்மா விளக்கினார். பத்து மணிக்கே இடது வாளி ஒரு விரல் தாழ்ந்திருந்தது. பதினொரு மணிக்கு சர்ஜன் வந்தார்.

"அந்த வாளில தண்ணி அதிகம்."

"மாத்திடுவோம் சார்." கணவர் வாளிகளை இடம் மாற்றினார். இப்போது வலது வாளி என்ன செய்ததென்றால், இடப்பக்கம் போய் அதுவும் தாழ்ந்தது.

"வார் கனம் வேற வேற."

டாக்டரம்மா பல் அளக்கும் கருவியை வீட்டிலிருந்து எடுத்துவந்து அளந்து காட்டினார். ஒரே கனம்.

"வெயில் படுதோ என்னவோ."

"படிக்கட்டுக்கு ஏது சார் வெயிலு?" என்றது யாரோ ஒரு குரல். கத்தியக்கா இல்லை. அவர் ஜிப்பில் குனிந்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு டேப் வைத்து அளந்தார்கள். முதுகு வார் கால் அங்குலம்கூட நீளவில்லை. வயிற்று வார் இரண்டரை அங்குலம். நடுவில் மெலிந்து, ஓரம் சுருண்டு கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். சர்ஜன் இருமினார்.

"சரிம்மா. இப்ப முதுகுக்கு எங்க போறது? எல்லாத்தையும் வெட்டியாச்சே."

மேலே ஒரே ஒரு முழுத் தோல் மிச்சமிருந்தது. எதற்கென்று கேட்டார் கத்தியக்கா. டாக்டரம்மாதான் சொன்னார்: புது அலமாரியின் தட்டுகளில் விரிக்க.

கத்தியக்கா அந்தத் தோலைப் பொது அறை மேசையில் விரித்தார். கண்ணை மூடி உள்ளங்கையை ஓட்டினார். முதுகெலும்பை ஒட்டி இரும்பு ஸ்கேலை வைத்து, கத்தியை மூன்று முறை லேசாக இழுத்தார். நாலு வார். பதினாறு பேரும் வேலையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்கள். வளையம் மாட்டும் முனைகளைக் கத்தியக்கா இரண்டும் டாக்டரம்மா இரண்டும் தைத்தார்கள். நூல் நாலு மடங்கு. விளக்குப் போடும் முன்பே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சலில் பிள்ளைகள் மட்டுமா, பெரியவர்களும் வரிசையில் நின்று ஆடினார்கள். பலகை ஒரு நூல்கூட இறங்கவில்லை. பக்கத்தில் ஓர் அட்டை: 'வடிவமைப்பும் ஆக்கமும்' என்று போட்டு சர்ஜனின் முழுப் பெயர், பட்டங்களுடன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'உதவி: கீழ்த்தளம்'. கத்தியக்காவை ஒரு தளமாக ஆக்கிவிட்டார்கள். பம்ப் ஆபரேட்டர் அதைப் படித்துவிட்டு, "நான் யாரு, தண்ணித் தொட்டியா?" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அதே அறையில், அதே ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கூட்டம். முந்தின நாள் வாளியைப் பார்த்து வாய் பிளந்தவர்கள்தான் நாற்காலிகளில். சர்ஜன் தீர்மானத்தைப் படித்தார். கத்தியக்கா உறுப்பினர் இல்லாததால் கதவுக்கு வெளியே நின்றார்.

டாக்டரம்மா எழுந்தார். "சங்க விதிப்படி, ஒருத்தரக் காலி பண்ணச் சொன்னா காரணத்த நோட்டுல பதியணும். காரணம் என்ன?"

"சுகாதாரம். பசை நாத்தம்."

"நம்ம வகுப்புல அதே பசைதானே? நேத்துகூட ரெண்டு டப்பா காலி."

"வெளியாட்கள் வர்றாங்க."

"பக்கத்துக் கட்டடங்கள்லேர்ந்து வகுப்புக்கு வர்ற இருபது பேர் உள்ளாட்களா?"

"இடத்த அடைக்குது."

"அலமாரி அடைக்காதா? அலமாரி அவங்களவிட ஒரு முழம் அகலம், நானே அளந்தேன்."

பின் வரிசையிலிருந்து ஒருவர் பொறுமையிழந்தார். "என்னங்க டாக்டர், இதெல்லாம் வாயத் திறந்து சொல்லித்தான் தெரியணுமா?"

கதவோரத்திலிருந்து கத்தியக்கா பேசினார். குரல் உயரவில்லை.

"சொல்ல வேண்டாம் சார். எழுதுங்க. என்ன காரணமோ அத அந்த நோட்டுல எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. போட்டீங்கன்னா நானே சாமானத் தூக்கிட்டுப் போறேன்."

சர்ஜன் பேனாவின் மூடியைக் கழற்றினார். 'காரணம்:' என்று எழுதி இரண்டு புள்ளிகளும் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். மனதுக்குள் ஆளாளுக்கு அந்தக் காரணம் பத்திரமாக இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது ஒதுங்கி நடக்கும் காலாலும், மூக்கைப் பொத்தும் கைக்குட்டையாலும் தினமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எழுத்தில் வைத்துப் பெயர் போட ஒருவருக்கும் துணிவில்லை. தன் பெயர் போட வெட்கப்படுகிற காரணத்தால் அடுத்தவர் பிழைப்பை எடுக்கிறவர்களைக் கோழைகள் என்பதற்கு மேல் மரியாதையான சொல் என்னிடம் இல்லை.

அந்தப் பதினாறு பேரில் டாக்டரம்மாவைத் தவிர இருவர்தான் "காரணம் இல்லன்னா தீர்மானமும் வேண்டாம்" என்றார்கள். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். சர்ஜன் பேனாவை மூடினார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தோற்றதாகவும் இல்லை, ஜெயித்ததாகவும் இல்லை. லிஃப்ட் தகடு அப்படியே இருக்கிறது. நோட்டீஸும் பலகையிலேயே இருக்கிறது. குத்திய ஊசி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை தலைக்கு மேலே பழக்கமான காலடி இறங்கியது. வலது செருப்பில் வார் பிய்ந்து இழுபடும் சத்தம்.

"ஏம்மா, மரச் சுத்திக்குப் பதிலா இரும்புச் சுத்தி வெச்சு அடிச்சா என்ன ஆகும்?" என்றார் சர்ஜன், குறிப்பேட்டைத் திறந்தபடி.

"துளைக்கருவியோட தலை நசுங்கும் சார். டாக்டரம்மா விட்டுட்டுப் போன அந்த முக்காலில உக்காருங்க, சொல்றேன். நின்னுட்டுக் கேக்கறவங்களுக்கு இனிமே சொல்றதில்ல."

சர்ஜன் முக்காலியைப் பார்த்தார். படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தார். அன்று உட்காரவில்லை. பிய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டே மேலே ஏறிப் போனார். அவர் இன்னும் உட்காரவில்லை. கத்தியக்காவும் இன்னும் சொல்லவில்லை. ஐந்தாம் மாடியில் பல துளைக்கருவிகளின் தலை நசுங்கிவிட்டதாகக் கேள்வி.

அடுத்த கூட்டம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த நோட்டுப் பக்கத்தில் 'காரணம்:' என்ற சொல்லுக்குப் பிறகு இன்னும் வெற்றிடம்தான். இதே மாதிரி ஒரு தாள் உங்கள் கட்டடத்திலும் உங்கள் தெருவிலும் ஒருநாள் உங்கள் முன் நீட்டப்படும். நடைபாதை ஓரத்தில் யாரோ ஒருவரை அகற்ற உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். அப்போது பேனாவை மூடிவையுங்கள். காரணத்தை எழுதி, எழுதியவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அது வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.